ஆள் போகும் கடவு

செப்டம்பர் 4, திங்கள்

தீவனக் கடையில் பொங்கலுக்கு இனாமாகக் கொடுத்த டைரி. இத்தனை மாதமும் மாட்டு மருந்துச் சீட்டுகளைச் செருகி வைக்கத்தான் ஆனது. இன்றைக்கு டவுன் டாக்டரம்மா, "வீட்டுக்காரர் தினமும் என்ன செய்யறார், எதை மறக்கறார்னு எழுதிட்டு வாங்கம்மா. மருந்து மாத்தறதுக்கு உதவும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? பேர் நாட்ராயன். முப்பத்திநாலு வருஷம் மின்சார ஆபீஸில் லைன்மேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. மறதி யாருக்குத்தான் இல்லை? நானே கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள். அதற்காக என்னைத் தலைக்குள் படமெடுக்கும் மிஷினில் படுக்க வைத்தார்களா?

ஆடுகளைப் பற்றி எழுதுகிறேன். அதாவது உபயோகப்படும். செம்மறி இருபத்திமூன்று, கறவை மாடு ஒன்று. எல்லாம் நன்றாக மேய்கின்றன. வேலிதான் சரியில்லை.

செப்டம்பர் 6, புதன்

நேற்று மத்தியானம் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் ஓர் ஆடு கிழக்கு வேலிக் கடவு வழியாக வெளியே போய்விட்டது. மூன்று மணி நேரம் தேடினேன். காடு காடாகக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. பொழுது சாய்கிற நேரத்தில் பால்காரர் ஒருவர் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார். "கரண்டு கம்பத்துக்கு அடியில நின்னு மேலயே பாத்துட்டிருந்தாருங்க" என்றார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கடவில் ஆடு போகாது. இரண்டு கல்லை நெருக்கி நட்டு, நடுவே தொடை உயரத்துக்கு ஒரு குறுக்குக் கல் வைத்திருப்பார்கள். ஆள் ஒருக்களித்துக் காலைத் தூக்கிப் போட்டுப் போகலாம், ஆடு மாடு போகாது. அதற்குத்தான் கடவு. ஆடு பைக்கில் உட்கார்ந்தும் வராது.

எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். வேலி போட வேண்டும்.

செப்டம்பர் 11, திங்கள்

ஒரு பெட்டை ஆடு எதையோ தின்றுவிட்டு வயிறு ஊதிக் கிடந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"எந்த ஊருங்கம்மா?"

சொன்னேன்.

"அது எங்க லிமிட்டுல வராதுங்களே."

"ஆடு மூச்சு உட முடியாமக் கெடக்குதுங்க. லிமிட்டை நானெங்க போய்த் தேடுவேன்?"

"உங்க லிமிட் டாக்டருக்குப் போடுங்கம்மா."

எங்கள் காட்டுக்குப் பிடித்த கெரகம் இது. கிழக்கு வேலிதான் மாவட்ட எல்லை. வேலிக்கு இந்தப்பக்கம் ஒரு மாவட்டம், அந்தப்பக்கம் இன்னொன்று. எங்கள் மாவட்டத்து ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரி கடவைத் தாண்டினால் மூன்றே கிலோமீட்டர். போலீஸ் ஸ்டேஷன், மின்சார ஆபீஸ், எல்லாம் இதே கதைதான். லிமிட்டு, லிமிட்டு! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் இவர்தான் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். ஆட்டின் வாயைப் பிளந்து நல்லெண்ணெய் புகட்டி, முன்னங்காலைத் தூக்கி வைத்து, வயிற்றை நீவிவிட்டார். கால் மணி நேரத்தில் ஆடு எழுந்து நின்றது. கை நடுங்கவில்லை, ஒரு வார்த்தை தடுமாறவில்லை. டாக்டரம்மா இதையும் பார்க்கட்டும்.

"லிமிட்டாவது மண்ணாங்கட்டியாவது" என்றார். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான். இவருடைய செக்ஷன் எங்கள் கிழக்குக் கிளுவைமர வேலியோடு முடிந்தது. ஆனாலும் அந்தப்பக்கத்து வலசில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு வீட்டில் கரண்டு போனால் அவர்கள் தங்கள் ஆபீஸுக்குப் போட மாட்டார்கள், இங்கேதான் போடுவார்கள். இவரும் கடவைத் தாண்டிக் குறுக்கே நடந்துபோய்ப் பீஸ் கம்பி மாற்றிக் கொடுத்துவிட்டு வருவார். மேலதிகாரி இரண்டு முறை மெமோ கொடுத்தார். "கரண்டுக்கு லிமிட் தெரியுமாங்க சார்?" என்று கேட்டு மூன்றாவதையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

போனை எடுப்பது என் வேலை. இவர் சோற்றில் கை வைத்திருப்பார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் போனில், "கெளம்பிட்டாருங்க, வந்துருவாரு" என்பேன். அப்புறம் அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார், நான் சிரிப்பேன். முப்பத்திநாலு வருஷம் சலிக்காமல் சொன்ன பொய்.

இப்போதும் போன் வருகிறது. அவர் போன் என்னிடம்தான் இருக்கிறது. "ரிட்டையர்டு ஆயிட்டாருங்க, உங்க ஆபீசுக்குப் போடுங்க" என்று வைத்துவிடுகிறேன்.

செப்டம்பர் 14, வியாழன்

கம்பிக்கடைக்குப் போனேன்.

"ஆட்டுக்குங்களா, மாட்டுக்குங்களா?"

"ஆட்டுக்குத்தான்."

"அப்ப முள்கம்பி அஞ்சு வரிசை, நாலடி ஒசரம் போதுமுங்க்கா."

"முள்ளு வேண்டாமுங்க. தோலு கிழிஞ்சுபோகும்."

"செம்மறிக்குத்தான் மயிரு இருக்குதுங்களே, கிழியாது."

"எங்க ஆட்டுக்குக் கிழியும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு சோலார் வேலிக்குப் போனார். பேட்டரியில் ஓடுமாம். தொட்டால் பளாரென்று ஓர் அறை, அப்புறம் கிட்டேயே வராதாம், உயிருக்கு ஒன்றும் ஆகாதாம். இவர் கம்பியைக் கண்டால் கரண்டு இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்கிற ஆள். அறை வாங்கினால் திரும்பிப் போவாரா? மிஷினைக் கழற்றி ரிப்பேர் பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

வலைக்கம்பி என்று சொன்னேன். எத்தனை அடி என்று கேட்டார். ஆறு என்றேன்.

"ஆறடியா? உங்க ஆடு பறக்குதுங்களா அக்கா?" கடையே சிரித்தது.

"நாய் தாண்டி வருதுங்க. நாலு ஆட்டைக் கடிச்சுப் போட்டுது" என்றேன். வாய் கூசாமல் வந்தது. உடனே எல்லோரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தங்கள் ஊரில் நாய் கடித்த ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

வேலி போடும் மாரப்பன் அளக்க வந்தான். பக்கத்து ஊர்க்காரன், நல்ல வேலைக்காரன். வீட்டையும் தொழுவத்தையும் சேர்த்து ஒன்றரை ஏக்கரைச் சுற்றி அடைக்க வேண்டும், மேற்கே ரோட்டுப் பக்கம் மட்டும் ஒரு இரும்புக் கேட் என்றேன்.

"கிளுவைப் போத்து வெட்டி நட்டுரலாமுங்க்கா. கெளை துளுத்து மூணே வருஷத்துல சுவராட்டம் நிக்கும்" என்றான்.

கட்டிலில் இருந்து இவரும், "கிளுவைதான் வேலி. கம்பி துருப்பிடிச்சுப் போகும்" என்றார்.

மூணு வருஷம் எங்க இருக்குது மாரப்பா என்று வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டு, "நாய் மூணு வருஷம் காத்திருக்காது" என்றேன். போகும்போது வாசலில் வைத்து, "சுத்தி எங்கயும் ஒரு சந்து உடக்கூடாது மாரப்பா, பாத்துக்க" என்று அழுத்திச் சொன்னேன். "சரிங்க்கா" என்றான்.

செப்டம்பர் 25, திங்கள்

மேனகா ஓசூரிலிருந்து பேசினாள். "அம்மா, அக்கம்பக்கத்துல சொல்லி வெய்ம்மா. அந்தப்பக்கத்து வலசுலயும் சொல்லு. ஆளுக்கொரு கண்ணு வெச்சுக்குவாங்க" என்றாள்.

"என்னன்னு சொல்றது? உங்கொப்பனுக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு தண்டோராப் போடட்டுமா?"

அழுதாள். உனக்கு அப்பாவைவிடக் கௌரவம்தான் பெரிது என்றாள். ஆமாம், பெரிதுதான். 'லைன்மேன் அண்ணன்' என்றால் அந்த வலசில் எழுந்து நிற்பார்கள். எழுந்து நின்றவர்களே ஐயோ பாவமென்று பார்த்தால் நான் தாங்குவேனா? பெற்ற மகளுக்குக்கூடப் புரியவில்லை.

போனை வைத்த பிறகு எனக்கும் அழுகை வந்தது. மாடு கத்தியது. போய்த் தவிடு கரைத்து வைத்தேன்.

அக்டோபர் 2, திங்கள்

பழைய கிளுவை வேலியை வெட்டி எடுத்தாயிற்று. கல்தூண்கள் வந்து இறங்கின. இவர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்.

அக்டோபர் 5, வியாழன்

மாத்திரை தீர்ந்துவிட்டது. மாரப்பன் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான். "அண்ணனைச் சித்த பாத்துக்க, வெயில்ல நிக்க உடாதே" என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் வந்தேன். வருவதற்குள் வேலி முடிந்திருந்தது. ஆறடி, சுற்றிலும் பளபளவென்று. கிழக்கே போய்ப் பார்த்தேன். பழைய இடத்தில் பழைய கடவு அப்படியே இருந்தது. இரண்டு பக்கமும் கம்பியை இழுத்துக் கடவுக் கல்லோடு இறுக்கிக் கட்டியிருந்தான்.

"மாரப்பா, சந்து உடாதேன்னு சொன்னேனில்ல?"

"சந்து எங்கீங்க்கா? கடவுதான. கடவில்லாம வேலி எப்புடிங்க?" அவனுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "அண்ணங்கிட்டக் கேட்டேன், கடவு எங்கீங்கண்ணா வெக்கறதுன்னு. அவருதான் வந்து நின்னு காட்டுனாரு."

எங்கள் பக்கத்தில் வேலி போடுகிறவன் கடவு எங்கே என்று வீட்டு ஆம்பளையைத்தான் கேட்பான். அது மரியாதை. அவன் கேட்டான், இவர் காட்டினார். அதை அடைத்துவிடு என்று நான் சொன்னால், அவர் பேச்சைக் கேட்காதே என்று சொன்னதாக ஆகும். ஏன் என்று கேட்பான். இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வேலை சுத்தமாக முடிந்த நாளில் சிரிக்கிற சிரிப்போடு.

"சரி, இருக்கட்டும்" என்றேன்.

அக்டோபர் 7, சனி

கடவில் முள்கட்டை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்தால் முள் ஓரமாகக் கிடக்கிறது, கயிறு வளையமாகச் சுருட்டிக் கல்லில் மாட்டியிருக்கிறது. லைன்மேனிடம் முடிச்சுப் போட்டுக் காட்டினால்?

அக்டோபர் 9, திங்கள்

சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தேன். கல்லில் துளை போட்டு வளையம் அடித்தால்தான் சங்கிலி நிற்கும். அதற்கு மாரப்பனைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். பூட்டு அடுப்படி ஆணியில் தொங்குகிறது.

அக்டோபர் 10, செவ்வாய்

காலையில் பல் விளக்கிவிட்டு வந்து என் முன்னால் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, கரண்டு ஆபீசுக்கு எப்படிங்க போறது?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை 'புள்ளே' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் பேரைச் சொல்வார். வாங்க போங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்கு எத்தனை மரியாதை!

"இன்னைக்கு லீவுங்க" என்றேன். "அப்படீங்களா, சரிங்க" என்று போய் உட்கார்ந்தார். டாக்டரம்மாவுக்கு எழுதுகிறேன்: இன்று என்னை மறந்தார்.

அக்டோபர் 17, செவ்வாய்

நல்ல நாள். "புள்ளே, மோரு குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். ஆடுகளை எண்ணினார், சரியாகச் சொன்னார். பொழுதோடு இரண்டு பேரும் வேலியோரமாக நடந்தோம். கம்பியைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"நாய்க்கு இத்தனை ஒசரம் எதுக்கு புள்ளே?"

"தாண்டுமுங்க."

"நாயி கீழ பறிச்சுட்டுத்தான் வரும். தாண்டாது." கம்பியை விரலால் தட்டினார். "நான் எங்கயாச்சும் போயர்றனா?"

என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து இதைவிட நேரான கேள்வி ஒன்றைக் கேட்டதில்லை. சொல்லியிருக்கலாம். ஆமாங்க, போயிடறீங்க, எனக்குப் பயமாக இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கம்பி என்று சொல்லி அவர் தோளில் சாய்ந்து அழுதிருக்கலாம். நான் என்ன செய்தேன்? "நீங்க எங்க போறீங்க? வாங்க, டீ ஆறுது" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். என் பொய்யை நம்பினாரா, நம்பாமல் எனக்காக விட்டுக்கொடுத்தாரா என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. தொழுவத்துக் கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது.

நவம்பர் 3, வெள்ளி

எழுத முடியவில்லை.

நவம்பர் 6, திங்கள்

மேனகா ஈரத் துணிகளை உள்ளே கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எழுதி முடித்துவிடுகிறேன். டாக்டரம்மாவுக்கு இனி வேண்டியதில்லை. எனக்கு வேண்டும்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. அந்தப்பக்கத்து வலசிலிருந்து ஒரு பெண். "லைன்மேன் அண்ணன் வீடுங்களா? வெடியால இருந்து கரண்டு இல்லீங்க. டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போயிருச்சாட்டருக்குது. எங்க ஆபீசுல போனே எடுக்க மாட்டேங்கறாங்க."

கூரை ஒழுகிய எரிச்சலில் இருந்தேன். "டிரான்ஸ்பார்மர்ல பீஸ் போனா நாங்கென்னங்க பண்றது? அது எங்க லிமிட் இல்லீங்க!" என்று கத்தினேன். ஆமாம், நான்தான் சொன்னேன், அதே வார்த்தையை.

இவர் உப்புமா தின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அதே பழைய கண்! எத்தனை மாதம் கழித்து! அவர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அவருக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவரலாம் என்று உள்ளே போனேன்.

டீயோடு வந்தபோது கட்டில் காலி. தட்டில் கை கழுவியிருந்தார். ஆணியில் மாட்டியிருந்த கட்டிங் பிளேயரைக் காணோம். முன்கேட் பூட்டியபடி இருந்தது. கடவுக்கு ஓடினேன். முள்கட்டு ஓரமாக இருந்தது. சேற்றில் அவர் கால்தடம் அந்தப்பக்கம் போயிருந்தது.

டிரான்ஸ்பார்மர் எங்கள் வேலியிலிருந்து கூப்பிடு தூரம்தான். மழைக்கு வெளியே ஒருவரும் இல்லை. நான் ஓடிப் போனபோது அதன் அடியில் மல்லாக்கக் கிடந்தார். ஏறும்போது ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. கரண்டு அடிக்கவில்லை. கீழே இருக்கிற சுவிட்சுக் கைப்பிடியை இழுத்து இறக்கி, லைனை அணைத்துவிட்டுத்தான் மேலே கை வைத்திருக்கிறார். என்னை மறந்தவர் அதை மறக்கவில்லை.

மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து, "லைனை ஆப் பண்ணியாச்சு புள்ளே, பயப்படாதே" என்றார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். என் வாயில் எங்கள் ஊர்தான் வந்தது. ஆயுசுக்கும் சொன்ன விலாசம் அது ஒன்றுதானே. நான் வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கிறேன் என்பது தோன்றவே இல்லை. வண்டி எங்கள் கேட்டுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்துவிட்டேன். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை ஒருக்களித்துக் கடவில் நுழைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவரைக் கிடத்திக் கட்டித் தூக்கி வந்தார்கள். கடவு வரைக்கும்தான் வர முடிந்தது.

"முதுகெலும்பு அடிபட்டிருக்கும்மா. மடக்கித் தூக்கக் கூடாது, படுத்த வாக்குலதான் கொண்டு போகணும்" என்றார் நர்ஸ்.

படுத்த வாக்கில் ஸ்ட்ரெச்சர் கடவில் நுழையாது. மேலே தூக்கலாமென்றால் ஆறடி. முன்னே இருந்த கிளுவையாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து வெட்டிப் பிய்த்திருப்பார்கள். கம்பியை என்ன செய்வது? சத்தம் கேட்டு ஓடிவந்த வலசு ஆட்கள் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். டிரைவர், சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்தார். ரோட்டு வழி பதினாலு கிலோமீட்டர். யாரோ மாரப்பனுக்குப் போன் போட்டார்கள். இருபது நிமிஷத்தில் கட்டரோடு வந்து சேர்ந்தான். அவன் போட்ட வேலியை அவனே வெட்டினான். இரண்டு தடவை கட்டர் நழுவியது.

அவன் கடைசிக் கம்பியை வெட்டியபோது நர்ஸ் இவர் நாடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

வண்டி சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, இனி ஏற்ற முடியாது என்றார்கள். "உசுரு இருந்தா எந்த மாவட்டமானாலும் எடுத்துட்டுப் போயிருவோம்மா. இப்ப இந்தப்பக்கத்து ஸ்டேஷனுக்குத்தான் சொல்லணும்." அவர்கள் மேல் தப்பில்லை. போலீஸ் வரும் வரைக்கும் வெட்டிய வேலிக்கு அந்தப்பக்கம் மழையிலேயே கிடந்தார். எங்கள் காடு நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. வலசு ஆட்கள் தார்ப்பாயை நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை.

போன் போட்ட பெண் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு அழுதாள். "எங்களுக்குத் தெரியுமுங்க்கா. நாலஞ்சு தடவை நாங்கதான் கையைப் புடிச்சுக் கூட்டியாந்து கடவுல உட்டுட்டுப் போனோம். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல. அண்ணனுக்கு முடியலைன்னு தெரிஞ்சும் புத்தி கெட்டுப்போய் இன்னைக்குப் போன் போட்டுட்டேன். நீங்கதான எடுப்பீங்க, ஆபீசுல யாருகிட்டயாச்சும் சொல்லி உடுவீங்கன்னு போட்டேன்."

அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்காக மறைத்திருக்கிறார்கள். நான் அவர்களிடமிருந்து மறைக்க ஆறடி வேலி போட்டேன்.

நவம்பர் 8, புதன்

மேனகா எதையும் குத்திக்காட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 20, திங்கள்

மாரப்பன் வந்தான். கேட்டுக்கு வெளியேவே நின்றான். உள்ளே வா என்றேன். கிழக்கே கூட்டிப் போனேன். வெட்டிய கம்பி இரண்டு பக்கமும் சுருண்டு கிடந்தது. ஆடுகள் அந்த வழியே போய் அந்தப்பக்கத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன.

"கடவு உட்டது என் தப்புங்க்கா" என்றான். பதினெட்டு நாளாக அவன் சோறு தண்ணீர் இறங்காமல் இருப்பதாக வலசில் சொன்னார்கள்.

"உன் தப்பில்ல மாரப்பா. வேலி ஆட்டுக்கில்ல, அவருக்கு. நாய் எந்த ஆட்டையும் கடிக்கல. உங்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டேன்."

சொல்லிவிட்டேன். எத்தனை லேசான வாக்கியம், ஒரு மூச்சுகூடப் பிடிக்கவில்லை. அதை செப்டம்பரில் சொல்வதற்கு எனக்கு என்ன கேடு?

அவன் தரையைப் பார்த்தான். "மொதல்லயே ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"ஆமா" என்றேன்.

சுருண்டு கிடந்த கம்பி முனையைக் கையில் எடுத்து, "வெட்டுன எடத்தை என்னுங்க்கா பண்றது? கம்பி இழுத்துரட்டுங்களா?" என்றான்.

"வேண்டாம். எல்லாக் கம்பியையும் கழட்டிரு. கிளுவை நட்டுரு."

"மூணு வருஷம் ஆகுமுங்க்கா."

"ஆகட்டும். கடவு அங்கயே இருக்கட்டும்."

நவம்பர் 24, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மேனகா நேற்று ஊருக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டை ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. சாக்கை விரித்துக் கதகதப்பாக வைத்தேன். ஒன்று உடனே எழுந்து பால் குடித்தது, இன்னொன்றுக்குப் புகட்ட வேண்டியிருந்தது.

சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. அவர் போன். அதை அணைத்துப் போடச் சொல்லிவிட்டுத்தான் மேனகா போனாள், நான்தான் செய்யவில்லை. தெரியாத ஆண் குரல். தூரத்து ஊராக இருக்க வேண்டும், செய்தி போய்ச் சேரவில்லை.

"லைன்மேன் அண்ணன் இருக்காருங்களா? கரண்டு போயிருச்சுங்க."

எதிரே கட்டிலைப் பார்த்தேன். கண்ணைக் காட்ட அங்கே யாரும் இல்லை.

"கெளம்பிட்டாருங்க" என்றேன்.

"சரிங்க்கா, ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

எந்த ஊர் என்று நான் கேட்கவே இல்லை.